கிளிமஞ்சாரோ சரிவில் விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தான்சானியாவின் வடக்கே, மராங்கு பக்கத்தில், கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் இருக்கும் ஒரு கிராமத்தில் ஐந்து வாரம் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள், வேலை நிமித்தம் போகிறவர்கள், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்று பலர் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 5,895 மீட்டர் உச்சிக்கு நான் ஏறவில்லை. அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூடக் கிடையாது.

இது ஆப்பிரிக்காவில் எல்லா ஊருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. கிழக்கு ஆப்பிரிக்கா என்பது ஒரே ஊர் இல்லை. மசாய் மாட்டுப்பட்டியில் ஒரு வழக்கம், விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு வழக்கம், ஸான்சிபார் மீனவர் வீட்டில் வேறொன்று. நான் சொல்வது கிளிமஞ்சாரோவின் தெற்கு, கிழக்குச் சரிவுகளில் வாழும் சாகா மக்களைப் பற்றி. வாழை, காப்பி, கறவை மாடு, இதுதான் அவர்கள் வாழ்க்கை. வீட்டுக்குள் சாகா மொழி பேசுவார்கள். அதுவும் மேற்கே மசாமேயில் ஒரு மாதிரி, கிழக்கே ரோம்போவில் வேறு மாதிரி. ஒருவர் பேசுவது மற்றவருக்குச் சரியாகப் புரியாது. வெளியாளிடம் எல்லோரும் சுவாஹிலிதான். சுவாஹிலியில் முப்பது சொல் தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

வாசலில் போய் நின்றதும் என்ன செய்வது?

கதவைத் தட்டாதீர்கள். பல வீடுகளில் தட்டுவதற்குக் கதவே எட்டாத தூரத்தில் இருக்கும். வாழைத்தோப்பு தொடங்கும் இடத்திலேயே நின்று "ஹோடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். "உள்ளே வரலாமா" என்று பொருள். உள்ளிருந்து "கரீபு!" என்று பதில் வரும். வா, வாருங்கள், பக்கத்தில் வா, எடுத்துக்கொள், உட்கார் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். பதில் வரவில்லை என்றால் இன்னும் இரண்டு முறை கூப்பிடலாம். அப்புறமும் வரவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது.

உள்ளே போனதும் வந்த காரியத்தை ஆரம்பிக்காதீர்கள். முதலில் உட்கார வைப்பார்கள். நாற்காலி ஒன்றுதான் இருந்தால் அது உங்களுக்கு, வீட்டுக்காரர் கவிழ்த்த வாளியின் மேல் உட்காருவார். "வேண்டாம், நீங்கள் உட்காருங்கள்" என்று நாம் வழக்கமாகச் செய்யும் மல்லுக்கட்டு அங்கே செல்லாது. உட்கார்ந்துவிடுங்கள்.

வணக்கம் சொல்வது எப்படி?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வயதில் மூத்தவரைப் பார்த்தால் "ஷிகமோ". அவர் "மராஹாபா" என்பார். ஷிகமோ என்பது "உங்கள் காலைப் பிடிக்கிறேன்" என்ற தொடரிலிருந்து சுருங்கி வந்தது என்று சொல்வார்கள். காலில் விழுந்து பழகிய நமக்கு அதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஆனால் வாயால் சொன்னால் போதும், விழ வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் உங்களிடம் வந்து முனகலாக ஷிகமோ சொல்வார்கள். அப்போது "மராஹாபா" சொல்லாமல் சிரித்துக்கொண்டே நின்றால், பதில் வரும்வரை பிள்ளை அங்கேயே நிற்கும். எனக்கு அது புரியவே நாலு நாள் ஆயிற்று. அதுவரை எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்தேனோ.

சம வயதினரிடம் "ஹபாரி" என்று தொடங்கும். என்ன சேதி என்று அர்த்தம். காலைச் சேதி, வீட்டுச் சேதி, வேலைச் சேதி, பயணச் சேதி, பிள்ளைகள் சேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் "நல்லது" என்றுதான் பதில். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தாலும் முதலில் "நல்லது". பிறகு நிதானமாக, "ஆனால் பிள்ளைக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று வரும். முதல் நாள் இது வெறும் சடங்காகத் தெரிந்தது. பத்து நாள் கழித்து, யாரோ ஒருவர் இதைச் செய்யாமல் நேராக விஷயத்துக்கு வந்தபோது எனக்கே சுருக்கென்றது.

இன்னொரு சொல் "போலே". நீங்கள் நடந்து வந்தீர்களா, போலே. சுமை தூக்குகிறீர்களா, போலே. கால் இடறினால் போலே, தும்மினாலும் போலே. "பாவம், சிரமப்பட்டீர்களே" என்பதற்கு அருகில் வரும் சொல் அது. மன்னிப்புக் கேட்பதாக நினைத்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். "அசாந்தே", நன்றி, அதுதான் பதில்.

யாரை என்னவென்று கூப்பிடுவது?

தமிழர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. அப்பா பாபா, தாத்தா பாபு, பாட்டி பீபி, அக்கா டாடா, அண்ணன் காக்கா. வீட்டு அம்மாவை "மாமா, மாமா" என்று கூப்பிட எனக்கு முதல் வாரம் முழுக்கச் சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களை அவர்கள் பெயரால் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயர் நீமா என்றால் அம்மா "மாமா நீமா", அப்பா "பாபா நீமா". நம் கிராமங்களிலும் இன்னார் அம்மா, இன்னார் அப்பா என்ற பேச்சு உண்டே, அதேதான்.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்றால் "இல்லை" என்று சொல்லாதீர்கள். "பாடோ", இன்னும் இல்லை, என்று சொல்லுங்கள். வெட்டென்று மறுப்பது அவர்கள் காதுக்குக் கதவை அறைந்து சாத்தியது போல இருக்கும். எழுபது வயதானாலும் பாடோதான்.

வீடும் தோட்டமும் எப்படி இருக்கும்?

ஊர் என்று சொன்னால் நாம் வரிசையாக வீடுகள், நடுவில் தெரு, கோயில் என்று நினைப்போம். அங்கே தெரு இல்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் வாழைத்தோப்புக்குள் ஒளிந்திருக்கும். அந்தத் தோப்புக்கும் வீட்டுக்கும் சேர்த்து கிஹாம்பா என்று பெயர். மேலே உயரமான மரங்கள், அதில் நம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே சில்வர் ஓக்கும் உண்டு. அதன் கீழே வாழை, வாழை நிழலில் காப்பிச் செடி, அதற்கும் கீழே சேம்பு, கிழங்கு, கீரை. ஒரு அடி நிலம் சும்மா கிடக்காது. மாடும் ஆடும் கொட்டிலில் கட்டியே இருக்கும், மேய விடுவதில்லை. வாழைத்தண்டும் புல்லும் மாட்டுக்கு, சாணம் வாழைக்கு.

தோப்பின் ஊடே சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடும். ம்ஃபோங்கோ என்பார்கள். மலையின் மேலே ஓடைகளிலிருந்து திருப்பி, சரிவின் வாட்டத்தைக் கண்ணாலேயே அளந்து வெட்டிய கால்வாய்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. எந்தக் குலத்தார் வெட்டினார்களோ அவர்களுக்கு அதில் முதல் உரிமை. யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறை உண்டு, தூர் வாரும் நாளில் வேலைக்கு வராதவருக்குத் தண்டமும் உண்டு. நம்மூர் குடிமராமத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இப்போது குழாய்த் தண்ணீர் வந்த இடங்களில் பல வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டன.

முன்னோரின் கல்லறைகளும் அதே தோப்பில்தான், வீட்டிலிருந்து பத்தடியில் இருக்கும். பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். நான் தங்கிய வீட்டில் காப்பிக்கொட்டையை உலர்த்தும் தட்டி பாட்டியின் சமாதியை ஒட்டித்தான் இருந்தது. அதனால்தான் கிஹாம்பாவை வெளியாருக்கு விற்பது என்றால் அவ்வளவு யோசனை. பெற்றோர் இருக்கும் வீடு கடைக்குட்டி மகனுக்கு, இதுதான் மரபு.

ஒரு நாள் எப்படிப் போகும்?

சேவல் கூவுவதற்கு முன்பே மாமா எழுந்து அடுப்பு மூட்டியிருப்பார். முற்றம் பெருக்கும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். பால் கறப்பது, டீ போடுவது, பிள்ளைகளைச் சீருடை மாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது. அப்புறம் அந்த நாளின் பெரிய வேலை தொடங்கும்: புல். மாடு கொட்டிலை விட்டு வராது என்றேன் அல்லவா, அப்படியானால் அதற்கான தீனி மாட்டைத் தேடி வர வேண்டும். கீழே சமவெளியில் சோளமும் பீன்ஸும் விளையும் நிலம் தனியாக இருக்கும். அங்கே இறங்கிப் போய், புல்லையும் தட்டையையும் கட்டித் தலையில் வைத்து மலை ஏறி வருவது பெரும்பாலும் பெண்கள்தான். ஒருநாள் நானும் கூடப் போனேன். என் தலையில் வைத்தது அவர்கள் கட்டில் பாதி. பாதி வழியில் அதையும் பதிமூன்று வயதுப் பெண் ஒன்று வாங்கிக்கொண்டது.

ஆண்கள் காப்பி, வாய்க்கால், மரம் வெட்டுவது, கொத்து வேலை. வேலை நேரம் அவர்களுக்குச் சீக்கிரமே முடிந்துவிடுகிறது என்பது என் கணக்கு. இதை அங்கே ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மணிக் கணக்கில் ஏதோ குழப்பம் வரும் என்கிறார்களே?

வரும். சுவாஹிலிக் கணக்கில் நாள் சூரியோதயத்தில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு "ஸா மோஜா", ஒரு மணி. பத்து மணி "ஸா ந்னே", நாலு மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும், கணக்குத் தவறாது. நம் பாட்டன்மார் உதயாதி நாழிகை எண்ணியவர்கள்தானே. ஆனால் கைக்கடிகாரம் பார்த்தே பழகிய நான், ஒரு வீட்டில் நாலு மணிக்கு டீக்கு வரச் சொன்னதை நம்பி மாலை நாலு மணிக்குப் போய் நின்றேன். காலை பத்து மணியிலிருந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. "போலே" என்றார்கள். மறுபடியும் டீ போட்டார்கள். அதிலிருந்து யார் நேரம் சொன்னாலும் "காலையா, மாலையா" என்று கேட்டுக்கொள்வேன்.

சாப்பாடு என்ன?

சாப்பிடும் முன் ஒரு பிள்ளை குடத்தில் வெந்நீரும் கிண்ணமுமாக வரும். நீங்கள் கையை நீட்ட, அது தண்ணீர் ஊற்றும். வலது கையால்தான் சாப்பாடு. இதில் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வாழைக்காய் அங்கே காய்கறி இல்லை, சோறு. ம்ஷாரே என்ற வகை வேகவைக்க, ம்ஸூஸு பொரிக்க, கிசுகாரி என்ற சின்ன இனிப்பு வகை பழமாகத் தின்ன, மதுவுக்கு வேறு. வாழைக்காயையும் இறைச்சியையும் கரையும்வரை வேகவைத்துக் கடைந்தால் ம்டோரி, கெட்டியான சூப். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வாரக்கணக்கில் இதைத்தான் கொடுப்பார்கள், நம்மூர் பத்தியம் மாதிரி. வாழைக்காயோடு பீன்ஸ் சேர்த்துக் கிளறினால் கிபுரு. சோளமாவில் கிண்டும் உகாலி எல்லா ஊரிலும் உண்டு. அதைக் களி என்று சொல்லிவிடலாம், உருட்டி, குழித்து, குழம்பை அள்ளும் விதம் உட்பட.

சுவாஹிலியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. வயலில் நிற்பது ம்புங்கா, கடையில் வாங்குவது ம்செலே, தட்டில் வருவது வாலி. நெல், அரிசி, சோறு! மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் மொழிகளைப் பார்த்த பிறகு, இங்கே வந்ததும் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சப்பாத்தி நம் பக்கத்திலிருந்து போன பண்டம், பெயரும் மாறவில்லை. சம்புசா, சாய் என்ற பெயர்களும் நமக்குப் புதிதில்லை. பதிலுக்கு அவர்கள் பக்கத்திலிருந்து நமக்கு வந்தது கேழ்வரகு. அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள். உலேஸி என்று பெயர், கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

நான் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். பீன்ஸ், ம்சிச்சா என்ற கீரை (நம் தண்டுக்கீரைச் சாதிதான்), வாழைக்காய், சோறு, சப்பாத்தி, அவகாடோ, தயிர் போலப் புளிக்க வைத்த பால் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். பிரச்சினை சாப்பாட்டில் இல்லை, சொல்வதில் இருக்கிறது. "சிலி ந்யாமா", இறைச்சி சாப்பிடமாட்டேன், என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் கோழி வரும். கோழி ந்யாமாவில் சேர்த்தி இல்லை, மீனும் இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதுவும் முந்தின நாளே. உங்களுக்காகக் கோழியை அறுத்த பிறகு சொன்னால் இரண்டு பக்கமும் தர்மசங்கடம்.

வைத்ததெல்லாம் சாப்பிட வேண்டுமா?

கொஞ்சமாவது சாப்பிட வேண்டும். ஒரு வீட்டுக்குப் போய் ஒன்றும் வாயில் வைக்காமல் எழுந்தால், எங்கள் வீட்டுச் சாப்பாடு உனக்கு ஆகாதா என்றாகிவிடும். ஒரே காலையில் நாலு வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் நாலு வீட்டிலும் டீ, அதில் இஞ்சியும், கரண்டி நிற்கும் அளவு சர்க்கரையும் இருக்கும். கணக்குப் பண்ணி முதல் வீட்டில் அரைக் கோப்பையோடு நிறுத்துங்கள். யாராவது சாப்பிடும்போது நீங்கள் அந்தப் பக்கம் போனால் "கரீபு சாக்குலா", சாப்பிட வாருங்கள், என்பார்கள். நம்மூரில் ஒப்புக்குச் சொல்கிறார்களா, மெய்யாகவே கூப்பிடுகிறார்களா என்று யோசிப்போமே, அந்த யோசனை அங்கே தேவையில்லை. ஒரு வாய் எடுத்துக்கொண்டால் சந்தோஷப்படுவார்கள்.

ம்பேகே என்றால் என்ன? குடிக்க வேண்டுமா?

வாழைப்பழ மது. பழுத்த வாழைப்பழத்தை மணிக்கணக்கில் சிவக்க வேகவைத்து, சில நாள் ஊற வைத்து, வடிகட்டி, முளைகட்டிய கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சி அதில் கலந்து, கசப்புக்கு ஒரு மரப்பட்டையும் சேர்ப்பார்கள். பழுப்பு நிறம், புளிப்பு, கூழ் குடிப்பது போன்ற கெட்டி. கல்யாணம், சாவு, பெண் கேட்பது, நிலத் தகராறைத் தீர்ப்பது, எதுவும் ம்பேகே இல்லாமல் நடக்காது. சுரைக்குடுவையில் ஊற்றி, கொடுப்பவர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு நீட்டுவார். இதில் விஷமில்லை என்று காட்டும் பழைய வழக்கம். குடுவை ஒருவர் கையிலிருந்து அடுத்தவருக்குப் போகும்.

குடிக்காதவர்கள் குடிக்க வேண்டியதில்லை. அங்கேயும் குடிக்காத கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் நிறையப் பேர். குடுவையைக் கையில் வாங்கி, நன்றி சொல்லி, அடுத்தவரிடம் கொடுத்தால் போதும். வாங்காமல் கையை ஆட்டி மறுப்பதுதான் தப்பு.

காப்பி விளையும் ஊராச்சே, நல்ல காப்பி கிடைக்குமா?

கிடைக்காது. டீதான்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கத்தோலிக்க மிஷனரிகள் கொண்டுவந்த செடி. 1925-இலேயே சாகா விவசாயிகள் தங்களுக்கென்று காப்பிச் சங்கம் வைத்துவிட்டார்கள், 1933-இல் அது கூட்டுறவு ஒன்றியமாக மாறியது. மோஷி நகரில் இன்னும் அது இருக்கிறது. பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், புல் வேய்ந்த வீட்டைத் தகர வீடாக்கியதும் காப்பிப் பணம்தான் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் விளைகிற காப்பி விற்பனைக்கு, வீட்டில் குடிப்பது டீ. நான் கேட்டேன் என்பதற்காக ஒரு நாள் உரலில் இடித்துப் போட்டுக் கொடுத்தார்கள். மாமா என் கோப்பையை ஒருவாய் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நாலு கரண்டி சர்க்கரை போட்டார்.

கழிப்பறை, குளியல், மின்சாரம்?

குழிக் கழிப்பறை, தோப்புக்குள் தனியாக இருக்கும். ராத்திரிக்கு டார்ச் வேண்டும். குளிக்க ஒரு வாளி வெந்நீர். ஜூன், ஜூலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். மின்சாரம் பல வீடுகளில் உண்டு, இல்லாத வீட்டில் சோலார். செல்போன் இல்லாத வீடே கிடையாது. பணம் அனுப்புவது, கடைக்குக் கொடுப்பது எல்லாம் அதில்தான். தான்சானியாவில் 2008-லேயே தொடங்கிவிட்டது, நாம் பழகியதற்கு எத்தனையோ வருடம் முன்பே.

என்ன வாங்கிப் போகலாம்? பணம் கொடுக்கலாமா?

வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு கிலோ சர்க்கரை, டீத்தூள், சோப்பு, சமையல் எண்ணெய். எல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். மாமாவுக்கு ஒரு ஜோடி கங்கா வாங்கினால் வீட்டில் உங்களுக்கு அசைக்க முடியாத இடம். கங்கா என்பது பெண்கள் இடுப்பில் சுற்றும் பருத்தித் துணி, ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி அச்சிட்டிருக்கும். வாங்கும் முன் கடைக்காரரிடம் அதன் பொருளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக்காட்டும் வாசகங்களும் அதில் உண்டு.

பணத்தைச் சாப்பாட்டுக்கு விலையாக நீட்டாதீர்கள். நாள்கணக்கில் தங்கினால் செலவுக்கு உதவ வேண்டியது முறைதான். அதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் வாரிக் கொடுப்பது வேண்டாம். அதைச் செய்துவிட்டுப் போனவர்களைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று நான் கேட்டிருக்கிறேன்.

எத்தனை நாள் தங்கலாம்? வேலை செய்ய விடுவார்களா?

சுவாஹிலியில் ஒரு பழமொழி: "விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு." நம்மிடம் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று இருக்கிறது. ஆனால் நம் பழமொழி மூன்றாம் நாள் கிளம்பு என்கிறது. அவர்களுடையது கிளம்பச் சொல்லவில்லை, வேலைக்கு வா என்கிறது. இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்த அன்றுதான் அந்த வீட்டில் என் நிலை மாறியது. முதல் இரண்டு நாள் தட்டைக் கழுவப் போனால் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை பாபா ஒன்றும் பேசாமல் ஒரு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். சாய்த்தது எனக்காகத்தானா என்று சந்தேகம். எடுத்தேன். வாழைக்குக் குழி வெட்டினோம். நான் வெட்டிய குழியைப் பிறகு அவர் திரும்பவும் சரிசெய்தார், அது வேறு விஷயம். அன்றிலிருந்து நான் தட்டைக் கழுவினால் யாரும் பிடுங்கவில்லை.

எனவே, ஒரு வாரத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி "நான் ஏதாவது உதவட்டுமா" அல்ல. அதற்கு "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். நடக்கிற வேலையின் பக்கத்தில் போய் உட்காருங்கள், பீன்ஸ் உரிக்கத் தொடங்குங்கள்.

படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்?

கோயிலுக்குப் போவார்கள், நீங்களும் போவது நல்லது, எந்த மதமானாலும். லுத்தரன், கத்தோலிக்கம் இரண்டும் சாகா ஊர்களில் ஆழமாக வேரூன்றியவை. பாட்டும் பாடகர் குழுவுமாக இரண்டு மூன்று மணிநேரம் போகும். புதிதாக வந்தவரை எழுந்து நின்று ஊர் பெயர் சொல்லச் சொல்வார்கள், தயாராக இருங்கள். எனக்குப் பிடித்தது முடிந்த பிறகு வாசலில் நடக்கும் ஏலம். காசில்லாதவர்கள் காணிக்கையாக முட்டை, வாழைத்தார், கோழி, கரும்பு என்று கொண்டுவருவார்கள். அதை அங்கேயே ஏலம் விட்டுப் பணமாக்குவார்கள். ஒரு பாட்டி கொண்டுவந்த ஆறு முட்டையைக் கடை விலையைப் போல மூன்று மடங்குக்கு ஒருவர் எடுத்து, அதே பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தார்.

தெரியாமல் ஏதாவது தப்புச் செய்துவிட்டால்?

வேலியோரம் நீள நீளமான பச்சை இலையோடு ஒரு செடி எல்லாத் தோப்பிலும் நிற்கும். இசாலே என்று பெயர். எல்லைக்கு அதைத்தான் நடுவார்கள். சண்டை போட்டவர் அந்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் மன்னித்துத்தான் ஆக வேண்டும், மறுப்பது பெரும் குற்றம். அண்ணன் தம்பி நிலத் தகராறுகூட அப்படித் தீர்ந்திருக்கிறது என்றார்கள். விருந்தாளியின் சின்னத் தப்புகளுக்கு இலை தேவைப்படாது, "சமஹானி" என்று மன்னிப்புக் கேட்டால் போதும்.

இந்தியர்களை எப்படிப் பார்க்கிறார்கள்?

"முஹிண்டி" என்பார்கள். அவர்கள் அறிந்த இந்தியர்கள் பெரும்பாலும் மோஷியிலும் அரூஷாவிலும் கடை வைத்திருக்கும் குஜராத்திகள். சுவாஹிலியில் கடைக்கே "டுக்கா" என்றுதான் பெயர், இந்தியின் "துக்கான்" போலவே. ஆகவே உங்களுக்கும் எங்கோ ஒரு கடை இருக்கும் என்று நினைப்பார்கள். இந்தியர் தங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது புதிது என்று ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார். அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நான் பதில் தேடாமல் இன்னொரு கரண்டி உகாலி வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதா?

இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்துத் தோப்பு சிறுத்துவிட்டது. காப்பி மரங்கள் கிழடு, விலை நிலையில்லை. சிலர் காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி போடுகிறார்கள். இளைஞர்கள் தார் எஸ் சலாமுக்குப் போய்விட, பல வீடுகளில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். உங்களுக்கு அறுக்கும் கோழி அவர்கள் விற்றுப் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த கோழியாக இருக்கலாம். அதற்காகச் சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. சர்க்கரையை மூன்று கிலோவாக வாங்குங்கள்.

எப்போது போகலாம்?

மார்ச் முதல் மே வரை பெருமழை, மண்பாதை சேறாகிவிடும், மோட்டார் சைக்கிள்காரர்களே யோசிப்பார்கள். டிசம்பர் கடைசி ஒரு தனி உலகம். கிறிஸ்துமஸுக்கு சாகாக்காரர்கள் எங்கே இருந்தாலும் மலைக்குத் திரும்பியாக வேண்டும். பேருந்தில் இடம் கிடைக்காது, ஊரெல்லாம் ஆட்டிறைச்சி மணக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள்.

கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும்?

போகிறேன் என்று சொல்லிவிட்டு உடனே போக முடியாது. முந்தின நாளே சொல்லுங்கள். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும், அங்கெல்லாம் மறுபடி டீ. கிளம்பும் நேரத்தில் விருந்தாளியை வாசலில் நின்று கையாட்டி அனுப்புவது அங்கே மரியாதை இல்லை. கூடவே நடந்து வருவார்கள். குசிண்டிகிஸா என்று இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. வாய்க்கால் வரை, பெரிய மரம் வரை, உங்கள் மேல் எவ்வளவு பிரியமோ அவ்வளவு தூரம். "போதும், திரும்பிப் போங்கள்" என்று நீங்கள் சொல்ல, அவர்கள் இன்னும் கொஞ்சம் நடக்க, அப்படியே போகும். என்னோடு மாமா தார்ச்சாலை வரை வந்தார், ஏறக்குறைய ஒரு மணிநேர இறக்கம். தலையில் எனக்கான வாழைத்தார்.

வாழைத்தாரை ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. வேண்டாம் என்று அங்கேயே சொல்லவும் முடியாது. வாங்கிக்கொண்டு வண்டியேறுங்கள். நான் மோஷியில் இறங்கி, அன்றிரவு தங்கிய விடுதியின் சமையல்கார அம்மாவிடம் கொடுத்தேன். எந்த ஊர்த் தார் என்று கேட்டார், சொன்னேன். தன் அம்மா ஊர் அதற்குப் பக்கத்து ஊர்தான் என்றார். இரண்டு சீப்பை வேகவைத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கே கொண்டுவந்து வைத்தார்.